பதிற்றுப்பத்து சொல்லும் சாட்சி



சங்கப் பாடல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். புலவர் பாடியதெல்லாம் அப்படியே நடந்தது என்பார்கள் சிலர். பரிசிலுக்காகப் பாடிய புகழ்ச்சியை எப்படி நம்புவது என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். அதைக் காட்டப் பதிற்றுப்பத்து ஒன்றே போதும்.

சேர மன்னர் பதின்மர்மீது ஆளுக்குப் பத்துப் பாட்டாகத் தொகுத்த நூல் அது. முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. எஞ்சிய எட்டையும் உ.வே.சாமிநாதையர் 1904இல் அச்சேற்றினார். அவற்றில் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் செல்வக்கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை.

இனிக் கரூர்ப் பக்கம் புகளூருக்கு வருவோம். அங்கே ஆறுநாட்டார் மலையின் குகைத்தளத்தில், சமண முனிவர்கள் தங்குவதற்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. இந்தப் பேரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்ற முனிவருக்கு வெட்டிக் கொடுத்த உறைவிடம் இது என்கிறது கல்வெட்டு.

பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லைதான். ஆனால் ஆதன், இரும்பொறை, கடுங்கோ என்ற பெயர்க்கூறுகள் பொருந்துகின்றன. மூவரின் வரிசையும் பொருந்துகிறது. பதிற்றுப்பத்து பாடும் மூவரே இவர்கள் என்றார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. இளஞ்சேரலின் தந்தை குட்டுவன் இரும்பொறை என்கிறது ஒன்பதாம் பத்தின் பதிகம். அது பெருஞ்சேரலின் இன்னொரு பெயரா, வேறோர் ஆளா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

பதிகம் என்பது ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பின்னால் வந்தவர்கள் சேர்த்த குறிப்பு. யார் எத்தனை ஆண்டு ஆண்டார் என்ற கணக்கும் அங்கேதான் இருக்கிறது. இமயவரம்பனுக்கு 58, செங்குட்டுவனுக்கு 55, செல்வக்கடுங்கோவுக்கு 25 என்று போகும். எட்டுப் பேருக்கும் கூட்டினால் 259 ஆண்டு. அதை அப்படியே சேரர் ஆட்சிக்காலம் என்று எழுதிவிட்டால் தவறு. சேரர் குடியில் கிளைகள் இரண்டு; ஒரே காலத்தில் இருவர் இரண்டு ஊர்களிலிருந்து ஆண்டிருக்கலாம்.

அப்படியானால் பாட்டில் எதைத்தான் நம்புவது? புலவர் போகிற போக்கில் சொன்னதை. செல்வக்கடுங்கோவைப் பாடும் கபிலரும், பெருஞ்சேரலைப் பாடும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைக் குறிப்பிடுகிறார்கள். அரசனை உயர்த்திப் பேச எத்தனையோ மிகை சொல்லலாம். நகை எந்த ஊரில் நல்லது என்பதில் பொய் சொல்லி என்ன லாபம்?

அந்தக் கொடுமணம் என்று கருதப்படும் கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது. 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. பச்சைக்கல், படிகம், சூதுபவளம் எல்லாம் கிடைத்தன. உடைக்காத கல், பாதி தீட்டிய மணி, துளையிட்டு முடித்த மணி என்று வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணுக்குள் இருந்தது. அதாவது அது மணி விற்ற சந்தை மட்டுமில்லை, மணி செய்த பட்டறையும்கூட. இரும்பு உருக்கிய உலைகளும், ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் வெளிப்பட்டன. பச்சைக்கல் கிடைக்கும் படியூரும் அதிக தூரத்தில் இல்லை.

ஆகவே நேயர்களே, பாட்டைப் படித்துவிட்டு வரலாறு எழுதிவிட முடியாது. பாட்டை ஒதுக்கிவிட்டும் எழுத முடியாது. கல்வெட்டு பெயரைத் தருகிறது, மண் தொழிலைக் காட்டுகிறது, அந்தப் பெயர்களையும் தொழிலையும் ஒரே நூலில் சேர்த்துச் சொல்வது பாட்டு. கரூர்ப் பக்கம் போனால் புகளூர் மலைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். உங்கள் ஊர்க் குன்றிலும் இப்படிப் படுக்கைகள் இருக்கலாம். அவற்றின்மேல் யாரும் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.