ஒரு ரிவிட்டுக்காகச் சட்டியை எறியலாமா?



'பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?' என்பது இன்றைய கேள்வி. புதிது வாங்கச் சொல்பவர்கள் கணக்கோடு வந்திருக்கிறார்கள். "தேக்காவில் சட்டி மலிவு. பழுது பார்க்கிற நேரத்துக்கு என்ன விலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சட்டி எப்படிச் சாகிறது என்று யாராவது பார்த்ததுண்டா? அடி ஓட்டையாகிச் செத்த சட்டிகள் குறைவு. கைப்பிடி ஆடி, அதனால் குப்பைக்குப் போன சட்டிகள்தான் அதிகம். கைப்பிடியைத் தாங்குவது எது? நகக்கண் அளவுள்ள ஒரு ரிவிட்!

ஒருவரை மடக்கிவிட்டால் 'ரிவிட் அடித்துவிட்டான்' என்று கேலியாகச் சொல்வதுண்டு. கேலிக்குரிய பொருளா அது? சிங்கப்பூர் ஆற்றின் மேல் நிற்கும் கேவனா பாலத்தைப் பாருங்கள். அதன் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தன. இங்கே அவற்றைப் பொருத்தியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1869இல் முடிந்த பாலம் அது. ரிவிட் அடித்த அந்த இரும்பு இன்றும் மக்களைச் சுமக்கிறது. 2019இல் அது தேசிய நினைவுச்சின்னமும் ஆனது.

அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், உழைப்பாளிகளின் கால்சட்டைப் பைகள் கிழியாமல் இருக்கச் செம்பு ரிவிட் வைத்தார். 1873இல் லீவை ஸ்டிராஸோடு சேர்ந்து காப்புரிமையும் பெற்றார். இன்றைய ஜீன்ஸின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, இதை வீட்டில் செய்ய முடியுமா? முடியும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி போதும். சட்டியின் சுவரும் கைப்பிடித் தகடும் சேர்ந்து 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் தடிமனில் ஒன்றரை மடங்கு, அதாவது 4.5 மில்லிமீட்டர், ஒரு தலைக்கு வேண்டும். இரண்டு தலைக்கு 9. மொத்தம் 13 மில்லிமீட்டர். இவ்வளவுதான் கணக்கு!

கம்பியை வைஸில் இறுக்கி, 4.5 மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் முதல் தலை உருவாகும். ஓங்கி அடித்தால் கம்பி வளைந்துவிடும். துளை கம்பியைவிட மயிரிழைதான் பெரிதாக இருக்கலாம். துளை தளர்ந்தால் ரிவிட்டும் தளரும்.

அடிக்க அடிக்க உலோகம் இறுகி, ஓரம் வெடிக்கும். எனவே முதலில் அதை இளக்க வேண்டும். செம்பை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினால் போதும். அலுமினியம் சிவக்காது, எச்சரிக்காமல் உருகிவிடும். அதனால் கைவினைஞர்கள் அதன்மேல் சோப்பைத் தேய்த்துச் சூடாக்குவார்கள். சோப்பு கறுத்ததும் நெருப்பை நிறுத்துவார்கள். எவ்வளவு எளிய வெப்பமானி!

ஒன்றை மறக்க வேண்டாம். அலுமினியச் சட்டிக்கு அலுமினிய ரிவிட்டே வேண்டும். செம்பை வைத்தால், உப்பும் புளியும் பட்டு, ரிவிட்டைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும். பிரஷர் குக்கரின் மூடியிலும் வால்விலும் கை வைக்கவே கூடாது. அதற்கு விவரம் தெரிந்தவர் இருக்கிறார். கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொட வேண்டாம். வீவக வீட்டில் இரவு நேரத்தில் தட்டினால், சட்டி ஒட்டும், அண்டைவீட்டு உறவு உடையும்!

"பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்கலாமே" என்று எதிரணி கேட்கும். ஆக்கலாம். ஆனால் உருக்க நெருப்பு வேண்டும், வார்க்க ஆலை வேண்டும், கொண்டுவரக் கப்பல் வேண்டும். ரிவிட்டுக்கோ கால் மணி நேரம் போதும். இந்தத் தீவுக்கு இருக்கும் ஒரே குப்பை நிலம் புலாவ் செமாக்காவ். 1999இல் திறந்த அது, இதே வேகத்தில் போனால் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்கிறது அரசாங்கம். அதற்குப் பிறகு எங்கே கொட்டுவது?

பழைய கருவிகள் கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. சந்தை போனது போனதுதான். கைத்திறனும் அதோடு போக வேண்டுமா? சிராங்கூன் சாலை வட்டாரத்துப் பொற்கொல்லர்கள் தங்கத்தைக் கம்பியாக இழுத்தார்கள், இளக்கினார்கள், தட்டினார்கள். தங்கத்துக்குத் தெரிந்த வித்தை சட்டிக்கும் பொருந்தும். 2014இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' அமைப்பில், தொண்டூழியர்கள் பொருளைப் பழுதுபார்த்துக் கொடுப்பதோடு நிற்கவில்லை, கொண்டு வந்தவருக்கே கற்றும் கொடுத்தார்கள்.

புதிது வாங்கத் தெரிந்த பிள்ளைக்குப் பணத்தின் பலம் தெரியும். ஒரு ரிவிட் அடித்த பிள்ளைக்குத் தன் கையின் பலம் தெரியும். அடுத்த முறை கைப்பிடி ஆடும்போது, குப்பைக் குழாயின் கதவைத் திறக்குமுன் அந்த 13 மில்லிமீட்டரை நினைத்துப் பாருங்கள்.