கடல் படித்த கண்கள்



நெய்தல் என்றதும் புலவர் நெஞ்சில் இரங்கலே எழும். ஆயினும் அத்திணை, கடலை உற்று நோக்கியவர்களின் கருவூலமுமாகும். சங்கச் சான்றோர் 'இறவு' என்றதை எண்ணூர் மக்கள் இன்று 'இறால்' என்கின்றனர். பெயரிடுதலே அறிவியலின் முதற்படி.

கடல்வாழ் உயிரியல் தனித்துறையாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த 'சாலஞ்சர்' கப்பல், ஆழ்கடலிலும் உயிர் தழைப்பதை மெய்ப்பித்தது. சென்னை மாகாணத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் ஆராய்ந்து, 1914இல் சங்கைப் பற்றித் தனிநூலே வெளியிட்டார். 1947இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

இவ்வளர்ச்சிக்கெல்லாம் உரைகல், கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம். அமெரிக்கக் கண்டத்துக் கரைகளுக்குரிய சிப்பியினம் ஒன்று அங்கே சேற்றைப் போர்வைபோல் மூடி, இறால் பதுங்கும் இடத்தைக் கவர்ந்துகொண்டது. இத்தகைய உயிர்கள் கப்பல்களின் அடிப்புறத்தில் ஒட்டியும், கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் நீரில் கலந்தும் கடல் கடப்பவை. வலை வீசியும், சேற்றைக் கையால் துழாவியும் இறால் பிடிப்போர் அதற்குக் 'காக்கா ஆழி' எனப் பெயரிட்டனர். ஆய்வுக்கூடமோ அதனை 'மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா' என்கிறது. முன்னது கண்ட துயரின் பெயர். பின்னது உலகறியும் பெயர். இரண்டும் கைகோத்தாலன்றித் தீர்வு பிறவாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அதே கழியில் எண்ணெய் படர்ந்தது. கழி அழியின் இறால் அழியும். இறால் அழியின் அச்சொல்லும் அகராதியில் மட்டுமே வாழும்.

ஆதலின் கவிஞர்களே, காசிமேட்டிலும் எண்ணூரிலும் வழங்கும் கடற்பெயர்களைத் திரட்டுங்கள். அது தமிழ்ப்பணி, அறிவியற் பணியும் அதுவே.