கனடாக் கணினியும் அட்டன் மின்சாரமும்

உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளைக்கென, அட்டன் தோட்டத்து லயமொன்றுக்குக் கனடா உறவினர் பழைய மேசைக் கணினியொன்றை அனுப்புகிறார் எனக் கொள்க. அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. 1950 முதல் மின்சாரம் தரும் லக்சபான, கனடாவை அறியாது!

அக்கணினியின் முதுகிற் சிறு சிவப்பு ஆளி இருக்கக்கூடும். அது 115 என்று காட்டுகையிற் செருகிவிட்டால், உள்ளிருக்கும் சுற்று, வரும் அழுத்தத்தை இரட்டிப்பாக்கும்; உருகி எரியும், கொள்ளளவிகளும் வெடிக்கக்கூடும். ஆகவே, செருகுமுன்னரே ஆளியை 230க்கு நகர்த்துக. ஆளியே இல்லையேல், ஒட்டியுள்ள சீட்டைப் படித்தல் வேண்டும்: 100 முதல் 240 வரை என்றிருப்பின் அச்சமில்லை, 120 மட்டுமெனின், அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இன்றியமையாதது. கடையில் விற்கும் இணைப்பி செருகியின் கால்களைத்தான் மாற்றும், அழுத்தத்தையன்று. இதிலேதான் பலர் ஏமாறுகின்றனர். திரையும் அச்சுப்பொறியும் தனித்தனியே பார்க்கப்படல் வேண்டும். அவற்றின் சீட்டு வேறு.