பல் எடுக்கும் கை

பல் பிடுங்கக் கைப்பலம் வேண்டும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். பாதிப் பயம் அந்த நம்பிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. தேர்ந்த பல் மருத்துவர் கடைவாய்ப் பல் எடுப்பதைக் கவனித்தால், அவர் முதலில் பல்லை இழுப்பதே இல்லை என்பது தெரியும். குறட்டின் நுனியை ஈறுக்குக் கீழே செலுத்தி, பல்லை வேர்ப் பக்கமாக அழுத்துகிறார். பிறகு கன்னத்துப் பக்கம் சாய்க்கிறார், கொஞ்சம் நிறுத்துகிறார். நாக்குப் பக்கம் சாய்க்கிறார், மறுபடியும் நிறுத்துகிறார். அவருடைய தேர்ச்சி அந்த நிறுத்தத்தில் இருக்கிறது.

காரணம் இதுதான். பல்லின் வேர் தாடை எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிப்பில் நார்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவை அறுபட வேண்டும், குழியின் எலும்பும் சற்று விரிய வேண்டும். ஆழ நட்ட முளைக்குச்சியை ஆட்டி ஆட்டி மண்ணை இளக்கி எடுப்போமே, அந்த மாதிரி. அவசரப்பட்டு இழுத்தால் பல் முறிந்து வேர் உள்ளேயே தங்கிவிடும்.

குறடுகளைப் பார்த்தாலும் இந்த நுட்பம் புரியும். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள். இரண்டு கன்னத்துப் பக்கம், ஒன்று அண்ணப் பக்கம். கன்னத்து வேர்கள் இரண்டுக்கும் இடையில் பொருந்த, குறட்டின் ஒரு அலகில் மட்டும் கூர் வைத்திருப்பார்கள். அதனால் வலப்பக்கத்துக்கு ஒரு குறடு, இடப்பக்கத்துக்கு வேறு குறடு. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர்கள் முன்னும் பின்னுமாக இருப்பதால் இரண்டு அலகிலும் கூர் உண்டு, இரு பக்கத்துக்கும் ஒரே குறடு போதும். முன்பு இப்படி இல்லை; ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் கொக்கியைப் பல்லில் மாட்டிக் கைப்பிடியைத் திருகும் கருவி பரவலாகப் புழங்கியது. பல்லோடு தாடை எலும்பும் பெயர்ந்து வந்ததுண்டு. 1840ஐ ஒட்டி லண்டனில் பல் மருத்துவர் ஜான் டோம்ஸ் பல்லின் கழுத்துக்குப் பொருந்தும் குறடுகளை வடிவமைத்தார். எளிய மனிதர்களின் வாய்க்கு அவர் செய்த பெரிய உபகாரம் அது.

வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று பெரும்பாலும் போடப்படும் லிக்னோகைன் ஊசி மருந்தை ஸ்வீடனில் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கினார். மேல் தாடை எலும்பு மெல்லியது, துளைகள் மிகுந்தது; பல்லுக்கு அருகிலேயே ஊசி போட்டால் மருந்து ஊறிவிடும். கீழ்த் தாடை கெட்டியானது. அதனால் வாயின் உள்ளே பின்புறம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் போடுவார்கள். பாதி உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்துக் கிடக்கும். குழந்தைகள் அப்போது உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்த பிறகும் அழுத்தம் தெரியும். எலும்பு வழியாக நறநறவென்ற ஓசையும் காதுக்குக் கேட்கும். இவற்றை வலி என்று நினைத்துப் பதற வேண்டாம். சுருக்கென்று குத்தினால் மட்டும் கையைத் தூக்குங்கள். நல்ல மருத்துவர் உடனே நிறுத்தி, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவரை நான் நல்ல மருத்துவராக மதிக்க மாட்டேன். வேர் சிகிச்சையில் காப்பாற்றக்கூடிய பல்லை, கேட்டவுடன் பிடுங்கித் தருபவரையும்தான்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்தப் பயத்தால் சீழ் வைத்த பல்லோடு வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது. சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான மருந்து எதுவானாலும் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல் வெளியே வந்த பிறகு குழியில் ரத்தம் உறைகிறதே, அந்தக் கட்டிதான் மருந்து. அதன் மேல்தான் புதுச் சதை வளர வேண்டும். வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். முதல் நாள் முழுக்கத் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், உறிஞ்சுகுழலில் இளநீர்கூடக் குடிக்காதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் கட்டி பெயர்ந்துவிடும். பீடி, சிகரெட், புகையிலை கூடவே கூடாது. ஆறிய ரசம் சாதமோ தயிர் சாதமோ போதும். எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்தால் பயப்பட வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து மெதுவாக அலசலாம்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி இரண்டாம், மூன்றாம் நாளில் திடீரென்று ஏறி, காது வரை இழுத்து, வாயில் துர்நாற்றமும் அடித்தால் குழியில் கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். கீழ்க் கடைவாயில், அதிலும் புகைப்பவர்களுக்கு, இது அதிகம். வீட்டில் கிராம்பு வைத்துக்கொண்டு காத்திருக்காமல் பல் எடுத்த மருத்துவரிடமே திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்துத் துணி வைப்பார். பெரும்பாலோருக்கு அன்றே வலி தணிந்துவிடும்.