பனிமலையும் படப்பெட்டியும்

பொகவந்தலாவையில், தேயிலைச் செடிகள் சூழ்ந்த மலைச்சாரலில், தூய மரியாள் ஆலயம் என்னும் சிறிய தேவாலயம் ஒன்று உண்டு. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் கணவரோடு துயில்கின்றார். புகைப்படக் கலையின் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர் அவர். 1863ஆம் ஆண்டில், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசாக அளித்த படப்பெட்டியைக் கொண்டே அவர் இக்கலையைத் தொடங்கினார். 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார்.

அவர் கையாண்ட கருவி எத்தகையது? மரத்தாலான பெரிய பெட்டி அது. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவவும் வேண்டும். படத்துக்கு இருப்பவர் சில நிமிடங்கள் வரை அசையாதிருத்தல் வேண்டும். இத்தனை இடர்ப்பாட்டுக்கிடையே இந்நாட்டில் அவர் எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. அவற்றைக் காண்போர் மனத்தில் ஓர் உறுத்தல் எழாமற் போகாது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களின் கீழே டார்வின், டெனிசன், ஹேர்ஷல் என்று பெயர்கள் விளங்குகின்றன. இலங்கைப் படங்களில் உள்ளோரோ பெரும்பாலும் பெயரற்ற குடியானவர்களாகவே நிற்கின்றனர்.

பின்னர்த் தோன்றிய அஞ்சலட்டைகளும் தேயிலை விளம்பரங்களும் இவ்வழக்கத்தையே தொடர்ந்தன. கூடை சுமந்த பெண்ணின் முகம் உலகமெங்கும் சென்றது. அவள் பெயர் மலையை விட்டு இறங்கவில்லை. படம் எடுத்தவர் வெளியிலிருந்து வந்தவர். எடுக்கப்பட்டவர் மலையில் வாழ்ந்தவர்.

இன்று இந்நிலை மாறி வருகின்றது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும், தோட்டத்து லயங்களிற் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் கமராவைத் தொழிற்கருவியாக ஏந்தியுள்ளனர். கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா ஆகியவற்றை நிழற்படமாகவும் வீடியோவாகவும் எடுத்துத் தருவதே அவர்தம் பிழைப்பு. அத்தகைய ஓர் இளைஞன் கடன்பட்டேனும் நல்ல கருவியொன்றை வாங்க முற்படுங்கால், எதனை வாங்குவது என்னும் கேள்வி அவனுக்கு விளையாட்டன்று. தவறான தெரிவு ஒன்று ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பை விழுங்கிவிடும்.

அவன் காதில் இன்று பெரிதும் விழுஞ்சொல் 'ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்' என்பதாகும். ஜெர்மனியில் லைற்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளைக் கொண்டு 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உள்ள படம் பிடிக்கும் சிறு கமராவை ஆக்கினார். அது 1925இல் லைக்கா என்னும் பெயரோடு சந்தைக்கு வந்தது. அதே அளவுள்ள மின்னணு உணரி பொருந்திய கமராவையே ஃபுல் ஃபிரேம் என்கின்றனர். முன்னைய கமராக்களில் வில்லைக்கும் உணரிக்கும் இடையே ஓர் ஆடி சாய்ந்து நின்று, காட்சியைக் கண்ணுக்குக் காட்டியது. அந்த ஆடியை நீக்கி, உணரி காண்பதையே சிறு திரையில் காட்டுவது மிரர்லெஸ். தானாகக் குவியும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கமராவைச் சோனி நிறுவனம் 2013இல் முதன்முதல் வெளியிட்டது. நிக்கொனும் கெனனும் 2018இலும், பனசொனிக் 2019இலும் பின்தொடர்ந்தன.

மலைநாட்டு இளைஞனுக்கு இதனால் விளையும் முதல் நன்மை பனியிலே தெரியும். கமராவின் ஒளிமானி, காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடும் இயல்புடையது. வெண்பனி மூடிய மலையை அதன் முன் நிறுத்தினால், ஒளி மிகுந்துள்ளது என்று கருதிப் படத்தை இருளச் செய்துவிடும். பனி சாம்பலாகும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் மாநிற முகமோ கரியாகும். ஆடியுள்ள கமராவின் காட்சிக்குழலில் இப்பிழை முன்கூட்டித் தெரிவதில்லை. மிரர்லெஸ் கமராவில் படம் பதியுமுன்னரே அது கண்ணிற் படும். சக்கரத்தை ஒரு படியோ ஒன்றரைப் படியோ கூட்டித் திருத்திக் கொள்ளலாம்.

இனி, 2021க்கும் 2024க்கும் இடையில் வெளிவந்த நான்கு கமராக்களை ஒப்பிட்டு நோக்கலாம். சோனி ஆல்ஃபா 7 நான்காம் பதிப்பு 33 மெகாபிக்சல் கொண்டது. எடை 658 கிராம். கெனன் ஆர் 6 இரண்டாம் பதிப்பு 24 மெகாபிக்சல். எடை 670 கிராம். பனசொனிக் எஸ் 5 இரண்டாம் பதிப்பும் 24 மெகாபிக்சல். எடை 740 கிராம். நிக்கொன் இசட் 6 மூன்றாம் பதிப்பு 24.5 மெகாபிக்சல், எடை 760 கிராம். நான்கிலும் இரண்டு நினைவட்டைகள் பொருந்தும். ஒன்று பழுதானாலும் மற்றதில் படம் இருக்கும். மீண்டும் நிகழாத கலியாணத்துக்கு இஃது இன்றியமையாதது.

நிழற்படத்தைப் பெரிதாக அச்சிடுவோர்க்குச் சோனியின் கூடுதல் மெகாபிக்சல் உதவும். அதற்குரிய வில்லைகளைப் பிற நிறுவனங்களும் ஏராளமாகச் செய்வதால், விலை குறைந்தவற்றைத் தேடிக்கொள்ளலாம். ஆயின் கடையில் ஏற்கெனவே பழைய கெனன் வில்லைகளை வைத்திருப்பவர்க்கு, ஓர் இணைப்பு வளையத்தோடு அவை யாவும் கெனன் ஆர் 6இல் நன்கு இயங்கும். நிக்கொனின் இணைப்பு வளையமோ, உள்ளே மோட்டார் உள்ள பழைய வில்லைகளை மட்டுமே தானாகக் குவியச் செய்யும். மற்றவற்றைக் கையாற் குவித்தல் வேண்டும். வாங்குமுன் இதனை வினவியறிதல் நலம்.

வீடியோவுக்குரிய சோதனைக்களம் காமன் கூத்து. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நிகழும் இக்கூத்தில், மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் இரவு முழுவதும் தப்போசையோடு நடைபெறும். சுற்றிலும் இருள், நடுவே தீப்பந்தம், ஆட்டமோ விரைவானது. உணரி காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், வேகமாக வீசும் கை சாய்ந்து தோன்றும். சோனி ஆல்ஃபா 7இல் இக்குறை சற்று மிகுதி. நிக்கொன் இசட் 6 மூன்றாம் பதிப்பின் உணரி விரைந்து படிப்பதால் குறை தணிகின்றது. நொடிக்கு 60 சட்டங்கள் வீதம் 4கே வீடியோ எடுக்குங்கால், சோனியும் பனசொனிக்கும் உணரியின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும். கெனனும் நிக்கொனும் முழு அகலத்தையும் பயன்படுத்தும். விடியும் வரை இடைவிடாது எடுப்பவர்க்குப் பனசொனிக் ஏற்றது. அதனுள்ளே வெப்பம் தணிக்கும் விசிறி உண்டு. எனினும் நுவரெலியாவின் குளிர் இரவில், விசிறியில்லாக் கமராக்களும் எளிதிற் சூடேறா.

கருவியைக் காப்பதும் தெரிவின் ஒரு பகுதியே. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் ஈரம் எங்கும் புகும். வில்லையினுள் பூஞ்சணம் படர்ந்தால் அதனை அகற்றுதல் அரிது. காற்றுப் புகாப் பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு வைத்தல் வேண்டும். குளிரில் நின்ற கமராவை அடுப்பெரியும் லயத்தறைக்குள் உடனே கொண்டு சென்றால் அதன்மீது நீர் படியும். முதலில் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அறையின் சூட்டை அது அடைந்த பின்னரே வெளியில் எடுத்தல் வேண்டும்.

ஆக, நான்கினுள் எது சிறந்தது? நிழற்படமே முதன்மை என்பார்க்குச் சோனி. பழைய கெனன் வில்லையுடையார்க்குக் கெனன். நீண்ட நேர வீடியோவுக்குப் பனசொனிக். விரைந்த கூத்துக்கு நிக்கொன். விளம்பரம் மிகுந்ததை விட, தன் மலைக்கும் தன் தொழிலுக்கும் ஏற்றதைத் தேர்பவனே நட்டப்படாதவன். இருப்பிலுள்ள பணத்தை முழுவதும் பெட்டியிலேயே கொட்டாது, ஒளி மிகக் கொள்ளும் வில்லை ஒன்றுக்கும் ஒரு பங்கை ஒதுக்குதல் அறிவுடைமை.

எனினும் ஒன்றை இந்நான்கும் தாமாகச் செய்யமாட்டா. படத்திலுள்ள பெண்ணிடம் சம்மதம் கேட்பதும், அவள் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் எழுதி வைப்பதும், ஒரு பிரதியை அவள் வீட்டுச் சுவரில் சேர்ப்பதும் படம் எடுப்பவன் கடமை. ஈரத் தகட்டோடு போராடிய கமரன் அம்மையாரின் இலங்கைப் படங்களில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் விடுபட்டுப் போனது அந்தப் பெயர்தான். அதை எழுதுவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு பேனா போதும்.