புத்திமதிக்கு முன்னால்

(ஈஜிபுராவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் மனநல ஆலோசகர் ஒருவர் ஆற்றிய உரை)



உள்ளே நுழையும்போதே ஒரு மாமா, "நீ என்ன டாக்டரம்மா?" என்று கேட்டார். நான் டாக்டர் இல்லை. மனோதத்துவத்தில் எம்.ஏ., பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் எம்.ஃபில். பயிற்சி. மருந்து எழுத மாட்டேன். மருந்து தேவையென்று பட்டால் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸுக்கோ வேறு மனநல மருத்துவரிடமோ அனுப்பிவிடுவேன். என் வேலை, வந்தவர் பேசுவதைக் கேட்பது.

கேட்பதற்கா ஃபீஸ் என்பீர்கள்! இந்த முறையை வகுத்த அமெரிக்கர் கார்ல் ரோஜர்ஸ் (1902-1987) கதையைச் சொல்கிறேன். ராசெஸ்டர் நகரில் அவர் வேலை பார்த்தபோது, அடங்காத பையனைப் பற்றிப் பேச ஒரு தாயார் வந்தார். அந்த அம்மாள் பிள்ளையைச் சிறு வயதில் ஒதுக்கியதே காரணம் என்று ரோஜர்ஸ் நினைத்தார். பல வாரம் நயமாக எடுத்துச் சொல்லியும் பலனில்லை. "இதோடு நிறுத்திக்கொள்வோம்" என்றார். அம்மாளும் சரியென்று வாசல்வரை போய்த் திரும்பி, "பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா?" என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்து தன் இல்லற வாழ்க்கையின் துக்கத்தையெல்லாம் கொட்டினார். அதன் பிறகுதான் பையனும் தேறினான். எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்கே தெரியும் என்று ரோஜர்ஸ் அன்று புரிந்துகொண்டார். 1951-ல் புத்தகமாகவும் எழுதினார். 'நோயாளி' என்ற சொல்லை விட்டு 'கிளையண்ட்' என்றார். வக்கீலுக்குக் கட்சிக்காரர் மாதிரி, வழக்கு அவருடையது.

ஆலோசகர் வேஷம் போடக்கூடாது, வந்தவரை நிபந்தனையில்லாமல் மதிக்க வேண்டும், அவர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். சொல்வது சுலபம். ஆரம்பத்தில் ஒரு பையன், "கல்யாணமே வேண்டாம்" என்று வந்தான். நான் அவன் அம்மா மாதிரியே, "காலாகாலத்தில் நடக்க வேண்டாமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். தலையாட்டிவிட்டுப் போனவன் திரும்ப வரவேயில்லை. அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நம் வீடுகளில் அன்பு குறைவில்லை, புத்திமதியும் குறைவில்லை. முதலில் பத்து நிமிஷம் குறுக்கிடாமல் கேட்டுப் பாருங்கள். பிள்ளையோ பெண்ணோ என்னிடம் வந்துபோனால், "என்ன சொன்னான்?" என்று மட்டும் எனக்குப் போன் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நானே கூப்பிடுவேன். இல்லையென்றால் சொல்ல மாட்டேன். சிகிச்சை பெறுபவரின் அந்தரங்கத்தைக் காக்க 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு ஒன்று: 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம்.