எழுவாய் யார்?



பேராசிரியரின் எழுத்தைப் பற்றியும் அவர் பங்கெடுத்த போராட்டங்களைப் பற்றியும் இந்த மேடையில் பலர் பேசியிருக்கிறார்கள். அவரிடம் இளங்கலை வரலாறு படித்த மாணவர்களாகிய நாங்கள் அவருடைய வகுப்பறையைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம்.

அது ஒரு அரசு கலைக் கல்லூரி. எங்களில் பலர் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவர்கள்; குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வரலாறு என்றால் எங்களுக்கு நோட்ஸ்தான். ஆசிரியர் சொல்லுவார், எழுதிக்கொள்வோம், தேர்வில் அப்படியே திருப்பி எழுதுவோம். சார் நோட்ஸ் தரவில்லை. பாடநூலிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதில் எழுவாய் யார்?" என்று கேட்பார். வரலாற்று வகுப்பில் எதற்குத் தமிழ் இலக்கணம் என்று கடைசி பெஞ்சில் சிரித்தோம்.

ஒருநாள் எழுதிய வாக்கியம் இது: 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். எழுவாய், ஐயர். உள்ளே போனவர்களோ பெயரில்லாமல் செயப்படுபொருளாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் தமிழக அமைச்சரான கக்கன். ஐயரின் துணிவை சார் குறைத்துப் பேசவில்லை. "அன்றைக்குக் கலவரம் வந்திருந்தால் முதல் அடி யார் முதுகில் விழுந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கக்கனை எழுவாயாக வைத்து அதே வாக்கியத்தை எழுதச் சொன்னார். 'அழைத்துச் சென்றார்' என்பது 'நுழைந்தார்' ஆயிற்று.

எழுவாயை மாற்றிவிட்டால் போதும் என்று அவர் விடவில்லை. கோபம் சான்றாகாது என்பார். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீரின் அறிக்கையையும், அதையொட்டி 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையையும் நடத்திய வாரம், ஊருக்குப் போய் 'அ' பதிவேட்டைப் பார்த்து வரச் சொன்னார். எந்தப் புல எண் பஞ்சமி நிலம், இன்று யார் பெயரில் இருக்கிறது? சிலருக்குப் பதிவேட்டைக் காட்டவே மறுத்தார்கள். வெறுங்கையோடு திரும்பியவர்களிடம், "யார் மறுத்தார், என்றைக்கு, என்ன காரணம் சொன்னார்? எழுது. அதுவும் ஆவணம்தான்" என்றார். காரணைப் பஞ்சமி நிலத்துக்காக 1994இல் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புல எண் கேட்பது சின்ன வேலையல்ல என்பது எங்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் நிலமீட்பு மனுக்கள் எழுத உட்கார்ந்தபோது, எதைக் கேட்க வேண்டும், எதைக் குறித்துவைக்க வேண்டும் என்பதில் எங்களுக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

இந்த முறையின் உண்மையான சோதனை மூன்றாம் ஆண்டில் வந்தது. கீழ்வெண்மணி பற்றி அவரே எழுதிய ஒரு கட்டுரையை வகுப்பில் வாசித்தோம். ஒரு மாணவி எழுந்தாள். "சார், 1968 டிசம்பர் 25 அன்று எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உங்கள் கட்டுரையில் கூலி கேட்டவர்கள், சங்கம் வைத்தவர்கள், வழக்கு நடத்தியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் எண்ணிக்கையில் மட்டும் வருகிறார்கள். நாற்று நட்டவர்களும் கூலி கேட்டவர்கள்தானே?" வகுப்பு உறைந்துபோயிற்று. சார் தன் கட்டுரையின் முதல் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினார். சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் எங்களோடு வந்து உட்கார்ந்தார்.

மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அந்தக் கேள்வி தன்மேல் திரும்பும்போது இடம்விட்டு உட்கார்ந்தவரை அங்கேதான் பார்த்தோம்.

தோழர்களே, நம் துண்டறிக்கைகளையும் சிறப்பு மலர்களையும் இந்தக் கண்ணோடு எடுத்துப் பாருங்கள். போராட்டம் நடத்தியவர்களின் பெயர் இருக்கும். சோறாக்கிப் போட்டவர்கள், காவல் நிலைய வாசலில் இரவெல்லாம் நின்றவர்கள், சாட்சி சொல்லிவிட்டு வேலை இழந்தவர்கள் 'பொதுமக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் கிடப்பார்கள். அவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களிடம் போய்ப் பெயர், ஊர், நாள் கேட்டு எழுதுங்கள். வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.